கை ஊன்றி விழுந்தவர்களுக்கு: மூட்டும் ஜவ்வும் காயப்பட்டால் செய்ய வேண்டியவையும் செய்யக் கூடாதவையும்

விழுகிறவரின் கை எப்போதும் முந்திக்கொள்கிறது. மழையில் பாசி பிடித்த படிக்கட்டிலோ, மணல் சிதறிய வளைவில் வண்டி சறுக்கும்போதோ, குளியலறை ஈரத்திலோ கால் நழுவிய மறுகணம் உள்ளங்கை விரிந்து தரையை நோக்கிப் போய்விடுகிறது; தலையையும் முகத்தையும் காக்க உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு அது. ஆனால் உடலின் எடையும் விழுந்த வேகமும் அந்த உள்ளங்கை வழியாகவே மணிக்கட்டு, முழங்கை, தோள்பட்டை, காறை எலும்பு என்று மேலே ஏறுகின்றன. வழியில் தாங்க முடியாத இடம் எதுவோ அங்கே காயம் உண்டாகிறது. அந்த இடம் வயதுக்கு வயது மாறும். ஐந்து முதல் ஏழு வயதுக் குழந்தைக்குப் பெரும்பாலும் முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிகிறது. இளைஞருக்கு மணிக்கட்டின் சிறிய எலும்போ அதைப் பிணைக்கும் நாரோ போகிறது, அல்லது தோள்மூட்டு நழுவுகிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு மணிக்கட்டுக்குச் சற்று மேலே எலும்பு நொறுங்குகிறது.

இவை அனைத்துக்கும் நம் வீடுகளில் ஒரே பெயர்தான்: சுளுக்கு. என் இடது மணிக்கட்டையும் மூன்று வாரம் அந்தப் பெயரால்தான் அழைத்துக்கொண்டிருந்தேன். மொட்டை மாடிப் படியில் வழுக்கிக் கையை ஊன்றினேன். லேசான வீக்கம், பொறுத்துக்கொள்ளும் அளவு வலி. புளியும் உப்பும் கொதிக்க வைத்துப் பற்றுப் போட்டதில் வீக்கம் வடிந்தது. ஆனால் பூட்டில் சாவியைத் திருப்ப முடியவில்லை, ஈரத் துணியைப் பிழிய முடியவில்லை, தரையில் கையூன்றி எழவே முடியவில்லை. உள்ளே ஓர் எலும்பு முறிந்திருந்தது பிறகுதான் தெரிந்தது. இந்தக் கட்டுரையின் நோக்கம் ஒன்றே: சுளுக்கு என்று சொல்லி நிறுத்திக்கொள்ளாமல், எந்த மூட்டில் எது காயப்பட்டது என்று கேட்கும் வழக்கம் நம்மிடம் வர வேண்டும்.

ஜவ்வு என்பது எது

எலும்பையும் எலும்பையும் பிணைத்து, மூட்டு தன் வரம்புக்குள் மட்டும் அசையும்படி காக்கும் உறுதியான பட்டைக்கு லிகமென்ட் என்று பெயர். ஊர்ப் பேச்சில் ஜவ்வு என்பது பெரும்பாலும் இதைத்தான். தசையை எலும்போடு கட்டுவது தசைநாண், அது வேறு. தசைக்கு ரத்த ஓட்டம் அதிகம் என்பதால் அது சீக்கிரம் ஆறுகிறது. லிகமென்ட்டுக்கு ரத்த ஓட்டம் குறைவு என்பதால் ஆறுவதற்கு நாள் பிடிக்கிறது.

கிணற்றுக் கயிற்றைக் கவனித்தவர்களுக்கு லிகமென்ட் காயத்தின் மூன்று நிலைகளும் எளிதில் விளங்கும். இழைகள் இழுபட்டு அங்கங்கே பிசிறு தட்டியிருப்பது முதல் நிலை. ஒரு பகுதி அறுந்தும் மறுபகுதி தாங்கிக்கொண்டும் இருப்பது இரண்டாம் நிலை. முழுதும் அறுந்து இரு முனைகளும் தனித்தனியே கிடப்பது மூன்றாம் நிலை. முழுதும் அறுந்த பிறகு இழுபடுவதற்கு எதுவும் மிஞ்சாததால், மூன்றாம் நிலையில் வலி இரண்டாம் நிலையைவிடக் குறைந்திருப்பதும் உண்டு. ஆகவே வலி குறைவாக இருக்கிறது என்பதை வைத்துக் காயம் சிறியது என்று முடிவு கட்ட முடியாது. மூட்டு தளர்ந்து ஆடுகிறதா, பிடி நழுவுகிறதா, குறிப்பிட்ட ஒரு வேலையைச் செய்யவே முடியாமல் போகிறதா என்பவையே நம்பத்தக்க அடையாளங்கள்.

எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், லிகமென்ட்டைக் காட்டாது. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று மருத்துவர் சொன்னால், எலும்பில் முறிவு தெரியவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். இரண்டு வாரத்துக்குப் பிறகும் வலியும் பலவீனமும் தொடர்ந்தால் மறுபடி காட்ட வேண்டும். தேவை என்றால் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்ஆர்ஐ எடுக்கச் சொல்வார்கள்.

விழுந்த முதல் மணி நேரம்

எல்லாவற்றுக்கும் முன்பாக, அடிபட்ட கையில் உள்ள மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். காயம் மணிக்கட்டில் இருந்தாலும் விரல்கள் வீங்கும். வீங்கிய பின் மோதிரம் விரலை நெரித்து ரத்த ஓட்டத்தைத் தடுக்கும், அப்போது அதை வெட்டித்தான் எடுக்க நேரிடும். சோப்பு நுரையோ எண்ணெயோ தடவி உடனே கழற்றிவிடுவது நல்லது.

அடுத்து, கைக்குத் தாங்கல் வேண்டும். துண்டையோ துப்பட்டாவையோ முக்கோணமாக மடித்து, முன்கை அதில் படுத்திருக்க, முனைகளைக் கழுத்துக்குப் பின்னால் முடிச்சுப் போட வேண்டும். மணிக்கட்டு முழங்கையைவிடச் சற்று உயரத்தில் இருக்கும்படி கட்டினால் வீக்கம் குறையும். கை எந்த நிலையில் வலி குறைவாக இருக்கிறதோ அந்த நிலையிலேயே தாங்க வேண்டும். கோணலாகத் தெரிகிறது என்பதற்காக நேராக்க முயலக் கூடாது.

பனிக்கட்டி ஒத்தடத்தைத் துணியில் சுற்றித்தான் கொடுக்க வேண்டும். ஒரு தடவைக்கு 10 முதல் 15 நிமிடம், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, முதல் இரண்டு நாள் வரை போதும். நீரிழிவால் கையில் உணர்வு குறைந்தவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். தோல் கருகுவது அவர்களுக்குத் தெரியாமலே நடந்துவிடும். ஓய்வு, பனிக்கட்டி, அழுத்தக் கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நான்கின் ஆங்கில முதலெழுத்துகளையும் ரைஸ் (RICE) என்ற ஒரே சொல்லாகக் கோத்து 1978இல் பரப்பியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். வீக்கம் என்பது உடல் தன்னைப் பழுதுபார்த்துக்கொள்ளும் வேலையின் ஒரு பகுதி என்பதால், நீண்ட நேரம் பனிக்கட்டி வைப்பது காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று 2014இல் அவரே தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். பனிக்கட்டியை வலி நிவாரணமாக மட்டும் கருதுவதே சரி.

கிரேப் பேண்டேஜ் சுற்றும்போது விரல் பக்கத்திலிருந்து தொடங்கி முழங்கையை நோக்கிச் சுற்ற வேண்டும். விரல் நுனிகள் வெளியே தெரிய வேண்டும். சுற்றியபின் ஒரு நகத்தை அழுத்திவிட்டு விடுங்கள். வெளுத்த நகம் இரண்டு நொடிக்குள் சிவக்காவிட்டால் கட்டு இறுக்கமாக இருக்கிறது என்று பொருள், உடனே தளர்த்துங்கள்.

வலிக்குப் பாராசிட்டமால் போதும். பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம் என்பது உச்ச வரம்பு, கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கு அதைவிடக் குறைவு. டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகளை மருந்துக் கடையில் தாமாகவே வாங்கி விழுங்கும் பழக்கம் நம்மிடம் மிகுதி. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அவற்றைத் தொடக் கூடாது.

மூட்டின் வடிவம் மாறியிருந்தாலோ, விரல்கள் மரத்துப்போனாலோ, குளிர்ந்து வெளுத்தாலோ நீலம் பாய்ந்தாலோ, தோல் கிழிந்து உள்ளே தெரிந்தாலோ, கையைக் கொஞ்சமும் அசைக்க முடியாவிட்டாலோ, நேரம் செல்லச் செல்ல வலி ஏறிக்கொண்டே போனாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்; தமிழ்நாட்டில் 108ஐ அழைக்கலாம். மூட்டைப் பொருத்த மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால், தெம்புக்கு என்று வழியில் காபியோ டிபனோ கொடுக்காதீர்கள்.

உருவி விடாதீர்கள்

இதை நான் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். கை வீங்கியவுடன் எண்ணெய் தடவி உருவி விடுவதும், சுளுக்கு எடுப்பவரிடம் அழைத்துப் போய் வெடுக்கென்று இழுக்கச் செய்வதும் அக்கறையில் பிறந்த பழக்கங்கள்தான். ஆயினும் புதிதாகக் கிழிந்த நாரை அழுத்தித் தேய்க்கும்போது, ஒட்டத் தொடங்கிய இழைகள் மறுபடி பிரிகின்றன, உள்ளே ரத்தக் கசிவு கூடுகிறது. முழங்கையில் இது இன்னும் ஆபத்தானது. அடிபட்ட முழங்கையை உருவுவதாலும் வலுக்கட்டாயமாக மடக்கி நீட்டுவதாலும் மூட்டைச் சுற்றியுள்ள தசைக்குள்ளேயே எலும்பு வளரத் தொடங்கும் நிலை வரலாம். அப்படி வளர்ந்துவிட்டால் கை பாதி மடங்கிய நிலையில் விறைத்து நின்றுவிடும். வாய்க்குச் சோற்றை எடுத்துப் போக முடியாத, தலை வார முடியாத கை அது.

மூங்கில் பத்தை வைத்து இறுகக் கட்டும் கட்டு வேறொரு ஆபத்தைக் கொண்டுவருகிறது. வீக்கம் வெளியே விரிய இடமில்லாமல் உள்ளே அழுத்தம் ஏறி, முன்கைத் தசைகளுக்கு ரத்தம் போவது தடைப்படுகிறது. ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அந்தத் தசைகள் திரும்ப முடியாதபடி செத்து, நார் போலச் சுருங்கி, விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கிவிடுகின்றன. ஜெர்மானிய அறுவை மருத்துவர் ரிச்சர்ட் ஃபான் ஃபோல்க்மன் 1881இல் இதன் காரணத்தை விளக்கி எழுதினார். இன்றும் இந்த நிலை அவர் பெயரால்தான் குறிக்கப்படுகிறது. கட்டுப் போட்ட குழந்தை இரவெல்லாம் அழுதால், அதன் விரல்களை நீங்கள் மெல்ல நீட்டிப் பார்க்கும்போது அலறினால், எவர் போட்ட கட்டாக இருந்தாலும் அதை உடனே தளர்த்திவிட்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். மருத்துவமனையில் போட்ட மாவுக்கட்டுக்கும் இதே விதிதான். அதை அங்கேயே போய்ப் பிரிக்கச் சொல்லுங்கள்.

எந்த மூட்டில் என்ன நடக்கிறது

தோள்பட்டை பந்துக் கிண்ண மூட்டு. ஆனால் பந்து பெரியது, கிண்ணமோ ஆழமற்ற சிறு தட்டு. எல்லாப் பக்கமும் கையைச் சுழற்ற முடிவது இதனால்தான். பெரிய மூட்டுகளில் அதிகமாக நழுவுவது இது என்பதும் இதனால்தான். நூற்றில் சுமார் 95 முறை அது முன்பக்கமாகவே நழுவுகிறது. தோளின் உருண்டை வடிவம் போய் மூலை தட்டினாற்போல் ஆகும், அடிபட்டவர் மறு கையால் முன்கையைத் தாங்கிக்கொண்டு நிற்பார். தோளின் வெளிப்புறத்தில், சட்டைக் கையில் சின்னம் குத்தும் இடத்தில், தொடு உணர்வு இல்லாவிட்டால் நரம்பும் இழுபட்டிருக்கிறது. வலிப்பு வந்தபின்னோ மின்சாரம் தாக்கியபின்னோ தோளைத் திருப்ப முடியாமல் போனால், அது பின்பக்கமாக நழுவியிருக்கக்கூடும்; இது சாதாரண எக்ஸ்ரேயிலும் கண்ணுக்குத் தப்பிவிடும் என்பதால் நடந்ததை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். இருபது வயதுக்கு முன் ஒரு முறை நழுவிய தோள் மறுபடி நழுவும் வாய்ப்பு மிக அதிகம். கிண்ணத்தின் விளிம்பில் உள்ள மென்மையான வளையம் பிய்ந்துவிடுவதே அதற்குக் காரணம். இங்கிலாந்தின் அறுவை மருத்துவர் பேங்கார்ட் 1923இல் விவரித்த அந்தக் கிழிவைத்தான் இன்று சிறு துளை வழியாகத் தைத்துச் சரிசெய்கிறார்கள்.

முழங்கையில் பெற்றோர் அறிய வேண்டியது ஒன்று உண்டு. ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தையை ஒரு கையைப் பிடித்துத் தூக்கினாலோ, சாலையில் வெடுக்கென்று இழுத்தாலோ, முன்கை எலும்பின் தலையைச் சுற்றியிருக்கும் வளைய லிகமென்ட் நழுவி மூட்டுக்குள் சிக்கிக்கொள்ளும். வீக்கம் இருக்காது, குழந்தை அந்தக் கையைச் சற்று மடக்கி, உள்ளங்கையை உட்பக்கம் திருப்பி, உடலோடு ஒட்டி வைத்துக்கொண்டு, எதையும் எடுக்க மறுக்கும். பழகிய மருத்துவர் ஒரே திருப்பில் சரிசெய்துவிடுவார். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் குழந்தை அந்தக் கையாலேயே பொம்மையை எடுக்கும். ஆனால் குழந்தை விழுந்திருந்தாலோ வீக்கம் இருந்தாலோ அது எலும்பு முறிவாக இருக்கலாம். அப்போது திருப்பவே கூடாது.

பெரியவர்களுக்கு வருவது முழங்கையின் வெளிப்புற வலி. டென்னிஸ் எல்போ என்ற அதன் பெயர் 2004இல் சச்சின் டெண்டுல்கருக்கு வந்தபோது தமிழ் வீடுகளிலும் பழகிப்போனது. உண்மையில் இதனால் அவதிப்படுவோரில் பெரும்பாலோர் டென்னிஸ் மட்டையைத் தொட்டதே இல்லை. துணி பிழிவதும், ஸ்குரூ முறுக்குவதும், பெயின்ட் அடிப்பதும் போதும். ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு நல்ல நிவாரணம் தரும். ஆனால் ஓராண்டு கழித்துப் பார்க்கும்போது, ஊசி போடாதவர்களைவிடப் போட்டவர்களின் நிலை மோசமாக இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எனவே அவசரப்பட வேண்டாம்.

பந்தை எறிபவர்களுக்குக் காயப்படுவது முழங்கையின் உட்புற லிகமென்ட். 1974 செப்டம்பர் 25 அன்று அமெரிக்க மருத்துவர் ஃபிராங்க் ஜோப், பேஸ்பால் வீரர் டாமி ஜானின் இடது முழங்கையில் அறுந்திருந்த இந்த நாருக்குப் பதிலாக அவருடைய வலது முன்கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து வைத்துக் கட்டினார். ஜான் 1976இல் களம் திரும்பி 1989 வரை பந்து வீசினார். அந்த நாண் உங்களுக்கு இருக்கிறதா என்று இப்போதே பார்க்கலாம்: கட்டை விரல் நுனியையும் சுண்டு விரல் நுனியையும் சேர்த்து, மணிக்கட்டை உட்பக்கம் சற்று மடக்குங்கள். மணிக்கட்டின் நடுவில் ஒரு கம்பி போலப் புடைத்து நிற்பது அதுதான். சிலருக்கு அது பிறவியிலேயே இருக்காது, அதனால் கையின் வலுவும் குறையாது.

மணிக்கட்டில் எட்டுச் சிறிய எலும்புகள் உள்ளன. கட்டை விரலைப் பின்னோக்கி விரித்தால் அதன் அடியில் இரண்டு நாண்களுக்கு நடுவே ஒரு குழி தோன்றும். மருத்துவ நூல்கள் இதை மூக்குப்பொடிக் குழி என்றே அழைக்கின்றன. கையூன்றி விழுந்தபின் அந்தக் குழியை ஒரு விரலால் அழுத்தும்போது சுருக்கென்று வலித்தால், ஸ்கேஃபாய்டு என்னும் படகு வடிவ எலும்பு முறிந்திருக்கலாம். முதல் எக்ஸ்ரேயில் இது தெரியாமல் போவது வழக்கம். எனவே முறிந்ததாகவே கருதிக் கட்டுப் போட்டு, 10 முதல் 14 நாளில் மறுபடி எடுத்துப் பார்ப்பதே முறை. இந்த எலும்புக்கு ரத்தம் விரல் பக்கமுள்ள முனை வழியாகவே பெரும்பாலும் நுழைவதால், நடுவில் முறிந்தால் முன்கைப் பக்கத் துண்டு பட்டினி கிடந்து அழிந்துபோகக்கூடும். நான் இழந்த மூன்று வாரத்தின் விலை இதுதான்: கட்டோடு முடிந்திருக்க வேண்டியது ஸ்குரூ வைக்கும் அறுவைச் சிகிச்சை வரை போனது.

கிரிக்கெட் பந்து விரல் நுனியில் பட்டு, நுனி தொங்கி, தானாக நிமிர்த்த முடியாமல் போனால், அது நாண் அறுந்ததன் அடையாளம். நுனி மூட்டை நேராக வைக்கும் சிறு தாங்கியை ஆறு முதல் எட்டு வாரம், குளிக்கும்போதுகூட, ஒரு கணமும் மடங்கவிடாமல் போட்டிருக்க வேண்டும். நடுவில் ஒரு முறை மடக்கினால் நாளைத் திரும்ப முதலிலிருந்து எண்ண வேண்டும். கட்டை விரலின் அடி மூட்டு வெளிப்பக்கம் வளைந்து, சிட்டிகையாக எதையும் பிடிக்க முடியாவிட்டால் காலம் கடத்தாதீர்கள். அறுந்த லிகமென்ட்டின் முனை மேலே உள்ள தசைப் பட்டைக்கு வெளியே மடங்கிக்கொண்டால், எத்தனை மாதம் கட்டினாலும் அது தானாக ஒட்டாது.

ஓய்வு எதுவரை, அசைவு எப்போது

கிழிந்த இடத்தில் முதல் சில நாள் வீக்கமும் துப்புரவும் நடக்கும். ஏறத்தாழ ஆறு வாரம் வரை புதிய இழைகள் ஒழுங்கின்றிப் பின்னப்படும். அதன்பின் ஓராண்டு வரைகூட அவை இழுவிசையின் திசையில் ஒழுங்குபட்டு வலுப்பெறும். அந்த ஒழுங்கு அசைவினால்தான் வருகிறது. ஆகவே முழு ஓய்வை நீட்டிப்பதும் தவறு. கட்டில் இருக்கும் கையிலும், கட்டுக்குள் அகப்படாத மூட்டுகளை, குறிப்பாக விரல்களையும் தோளையும், முதல் நாளிலிருந்தே அசைக்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் சில வாரம் தோளை அசைக்காமல் வைத்தால் அது இறுகிப்போய், விடுபட ஒன்றிரண்டு ஆண்டுகூட ஆகலாம்.

மருத்துவர் அனுமதித்த பின், நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, அடிபட்ட கையைக் கிணற்று வாளி போலத் தளர்வாகத் தொங்கவிட்டு, உடலை மெல்ல அசைப்பதன் மூலம் கையைச் சிறு வட்டங்களாகச் சுழலவிடுங்கள். அது பழகியபின் சுவரில் விரல்களால் மேலே ஏறி, எட்டிய உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள். வாரத்துக்கு வாரம் கோடு ஏறுவதைக் காண்பது தரும் ஊக்கம் பெரிது. முழங்கை வலிக்கு, முன்கையை மேசையில் உள்ளங்கை கீழ்நோக்கி வைத்து, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து, நல்ல கையின் உதவியால் மணிக்கட்டை உயர்த்தி, உதவியின்றி ஐந்து எண்ணும் நேரத்தில் மெல்ல இறக்க வேண்டும். பதினைந்து முறை வீதம் மூன்று சுற்று, நாள்தோறும், மூன்று மாதம் வரை. பயிற்சியின்போது லேசான வலி பரவாயில்லை. மறுநாள் காலை வரை நீடித்தால் அளவைக் குறையுங்கள்.

மீண்டும் வராமலிருக்க

படிக்கட்டுப் பாசியை மழைக்காலம் தொடங்கும் முன்பே தேய்த்துக் கழுவுவதும், குளியலறையில் கைப்பிடி பொருத்துவதும், இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு விளக்கை எரியவிடுவதும் முதியவர்களின் மணிக்கட்டைக் காக்கும். ஐம்பது வயதுக்கு மேல் சிறு விழுதலிலேயே எலும்பு முறிந்தவர்கள் எலும்பு அடர்த்தியைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் நிறைந்த குடத்தையும் எரிவாயு உருளையையும் கையை நீட்டியபடி தூக்காமல், உடலோடு ஒட்டி, முழங்கையை மடக்கித் தூக்குங்கள். பெரிய துணியைக் கையால் முறுக்குவதைவிடக் குழாயில் சுற்றி இரு கையாலும் இழுத்துப் பிழிவது மணிக்கட்டுக்கு எளிது. பந்து வீசும் பிள்ளைகளுக்குத் தோள் வலி, முழங்கை வலி இருக்கும்போது வீச விடாதீர்கள். விடுமுறை முடிந்து வந்த முதல் வாரத்திலேயே பழைய எண்ணிக்கைக்குத் திரும்பவும் விடாதீர்கள். தோளைச் சுற்றிப் பிடித்திருக்கும் நான்கு சிறு தசைகளுக்கு, ரப்பர் பட்டையைக் கதவுக் கைப்பிடியில் கட்டி, முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்து முன்கையை வெளிப்புறம் இழுக்கும் பயிற்சியை வாரம் மூன்று நாள் கொடுங்கள்.

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் தாத்தா, பாட்டி, அண்ணன், அக்கா எல்லோருக்கும் ஒரு முறை செய்துகாட்டுங்கள்: தூக்குவதென்றால் இரண்டு அக்குளுக்கும் அடியில் கை கொடுத்துத்தான் தூக்க வேண்டும். இரு கைகளையும் பிடித்து ஊஞ்சல் ஆட்டும் விளையாட்டை ஐந்து வயது வரை ஒத்தி வையுங்கள்.